விண்ணப்பத்தின் பின்: யாழ்ப்பாணத்து உத்தியோகத் தேட்டத்தில் நினைவூட்டும் மரபு

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்னும் பழமொழியினை எடுத்தாளாது யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தினைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே எனலாம். அரசாங்கம் என்ற சொல்லுக்கு ஈடாக நம் முன்னோர் நாவில் உருமாறிய அந்தக் 'கோறணமேந்து' அவர்களது வாழ்வில் பெற்றிருந்த இடத்தை அப்பழமொழி நன்கு புலப்படுத்துகின்றது. ஆயினும், அது கூறுவது உத்தியோகம் கைக்கு வந்த பின்னர் உள்ள நிலையையே. கோழி மேய்க்க விண்ணப்பித்தவன் எத்தனை மாதம் மறுமொழிக்குக் காத்திருந்தான், மறுமொழி வராதபோது இரண்டாவது கடிதத்தை யாருக்கு எழுதினான், எந்தத் திண்ணையில் எத்தனை முறை போய் நின்றான் என்பனவற்றைப் பழமொழி கூறவில்லை. கல்வி வரலாற்றினை எழுதியோரும் பாடசாலையிலிருந்து நேரே காரியாலயத்துக்குத் தாவிவிடுகின்றனர். இடைப்பட்ட அந்தக் காத்திருப்புக் காலத்தையே இக்கட்டுரை பொருளாகக் கொள்கின்றது.

இக்காலப் பகுதி அற்பமானதன்று. ஒரு குடும்பத்தின் மூத்த மகன் உத்தியோகத்துக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது, அவனது தமக்கை தங்கையரின் திருமணங்களும் அவனுடன் சேர்ந்து காத்திருந்தன. அவனைப் படிப்பித்த செலவுக்காகத் தோட்டக் காணி ஈட்டிலோ ஒற்றியிலோ இருந்தது. மறுமொழிக் கடிதம் வந்தால் காணி மீளும். சீதனப் பேச்சும் தொடங்கும். ஆகவே, விண்ணப்பதாரன் தன்னை வேலை கொள்வோர்க்கு எவ்வாறு நினைவூட்டினான் என்ற வினா தனிமனிதனது நடையுடை பாவனை பற்றிய வினா அன்று. வேலை யாருடைய கையில் இருந்தது, அதனை அவர் எந்த விதியின்படி வழங்கினார் என்பதை அறிவதற்கு அதுவே நம்பகமான அளவுகோல் என்பது என் கருத்து. விதி வெளிப்படையாக இருந்த காலத்தில் நினைவூட்டல் குறைந்தது. விதி ஒருவரது உள்ளத்துள் மறைந்திருந்த காலத்தில் நினைவூட்டலே தொழிலாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பொருளாதாரம் சிறு தோட்டங்களையும் பனையையும் கடலையும் நம்பியிருந்தது. திருவிதாங்கூருக்குப் புகையிலை அனுப்பும் வணிகம் கைக்காசு தரும் பெருவழியாக அமைந்தது. நிலமோ சிறிது, தலைமுறைதோறும் அது மேலும் துண்டாடப்பட்டது. இந்நிலையில் 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனாரும், ஏனைய மிஷனாரும் தொடங்கிய ஆங்கிலக் கல்வி, மண்ணை நம்பாது வாழ ஒரு வழியைக் காட்டிற்று. 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவப்பெற்ற செமினரி அவ்வழியின் தலைவாயில் எனலாம். சமயப் போதகரை உருவாக்குவதற்கென ஏற்பட்ட அந்நிறுவனத்திலிருந்து வெளியேறியவருட் பலர் அரசாங்க உத்தியோகத்தையே நாடினர். றூபஸ் அன்டர்சன் தலைமையில் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவின் ஆய்வினைத் தொடர்ந்து 1855இல் செமினரி மூடப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. மாணவர் எதற்காகப் படிக்கின்றனர் என்பது குறித்து ஆசிரியரும் மாணவரும் வெவ்வேறு எண்ணம் கொண்டிருந்தமைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

அக்காலத்தில் வேலை தேடுவோனின் முதன்மையான ஆவணம் பாதிரியார் வழங்கும் நற்சாட்சிப் பத்திரமாகும். பரீட்சைப் பெறுபேறு என ஒன்று பரவலாக இல்லாதவிடத்து, ஓர் ஐரோப்பியர் மற்றோர் ஐரோப்பியருக்கு எழுதும் சில வரிகளே தகுதியாயின. ஆதலால் நினைவூட்டலும் விண்ணப்பதாரனால் நேரே செய்யப்படவில்லை. பாதிரியார் வாயிலாகவே நிகழ்ந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளையின் வாழ்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வட்டுக்கோட்டையிற் கற்றுக் கோப்பாயில் ஆசிரியராயிருந்த அவரைச் சென்னையில் 'தினவர்த்தமானி' பத்திரிகையை நடத்துமாறு அழைத்தவர், முன்னர் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனிற் பணியாற்றிய பேர்சிவல் பாதிரியார். 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக அவரும் கறோல் விசுவநாதபிள்ளையும் விளங்கினர் என்பது யாவரும் அறிந்ததே. பட்டத்தின் முன்னரே அழைப்பு வந்தது என்பதனையும், அது முன்னர் அறிந்த ஒருவரிடமிருந்து வந்தது என்பதனையும் நாம் கவனிப்பதில்லை. பிற்காலத்திற் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றித் தமிழுலகு முழுவதற்கும் உரியவரான அப்பேரறிஞருக்கும் முதற் கதவு அறிமுகத்தினாலேயே திறந்தது.

பாதிரியாரின் திண்ணைக்கு அடுத்தது கச்சேரித் திண்ணை. பேர்சிவல் அக்லன்ட் டைக் என்பார் 1829இல் வடபகுதியின் அரசாங்க அதிபராக வந்தவர். இடையே ஒரு சிறு இடைவெளி நீங்கலாக 1867இல் இறக்கும் வரை அப்பதவியிலேயே இருந்தார். அவருக்குப் பின் 1869 முதல் 1896 வரை துவைனந் துரை. இரு மனிதர், ஏறத்தாழ எழுபது ஆண்டுகள்! மணியகாரர், உடையார், விதானையார் முதலிய தலைமைக்காரர் நியமனங்களும் கச்சேரிச் சிறு உத்தியோகங்களும் அவர்களது விருப்பு வெறுப்பினைச் சார்ந்திருந்தன. ஒரே துரை முப்பது ஆண்டுகள் ஒரே கதிரையில் இருப்பாராயின், அவர் எப்போது சவாரிக்குப் போவார், யாருடைய சொல்லுக்குச் செவிசாய்ப்பார் என்பன ஊர் முழுவதும் அறிந்த கலையாகிவிடுகின்றன. 'பெட்டிசம்' என்னும் சொல் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் வேரூன்றியது இத்தகைய சூழலிலேயாம். பெட்டிசம் இரு முகம் கொண்டது. தனக்கு வேலை தருமாறு எழுதுவது ஒன்று. தன்னோடு போட்டியிடுவோன் அதற்குத் தகுதியற்றவன் என எழுதுவது மற்றொன்று. இரண்டாவது வகையில் நம்மவர் காட்டிய புலமை சற்று அதிகம் என்றே சொல்ல வேண்டும். பெயரிடாத பெட்டிசத்துக்குத் தமிழில் மொட்டைக் கடிதம் என்ற பெயர் உண்டு. விதி தெரியாதவிடத்து, முன்னுள்ளவனைத் தள்ளுவதும் விண்ணப்பத்தின் ஒரு பகுதியாகிவிடுகின்றது.

இனி மலாயாவுக்கு வருவோம். பேராக் மாநிலத்தின் முதலாவது பிரித்தானிய வதிவாளராக 1874இல் நியமிக்கப்பெற்று மறு ஆண்டிற் கொலையுண்ட பேர்ச் என்பவர், அதற்குமுன் பல ஆண்டுகள் இலங்கைச் சிவில் சேவையில் இருந்தவர். 1885இல் தைப்பிங்கிலிருந்து போட் வெல்ட் வரை போடப்பட்ட அந்நாட்டின் முதற் புகையிரதப் பாதையை அமைத்தோர் இலங்கையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட வேலைப்படையினர். இலங்கைப் பொது வேலைப் பகுதியிற் பணியாற்றிய ஸ்பூனர் என்னும் பொறியியலாளர் சிலாங்கூருக்குச் சென்று, பின்னர் மலாய்க் கூட்டு மாநிலங்களின் புகையிரதப் பகுதிக்கே தலைவரானார். இலங்கையில் வேலை பார்த்த வெள்ளையர் அங்கு சென்றதும், தமக்குப் பழக்கமான யாழ்ப்பாணத்து எழுதுவினைஞரையும் நில அளவையாளரையும் மேற்பார்வையாளரையும் தேடினர். 1896இல் மலாய்க் கூட்டு மாநிலங்கள் உருவானபோது காரியாலயங்கள் பெருகின. புகையிரத நிலையங்கள் பெருகின. ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஆள்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. யாழ்ப்பாணத்திலோ ஆங்கிலம் எழுதத் தெரிந்தோர் தொகை வேலைகளின் தொகையை ஏற்கெனவே விஞ்சியிருந்தது.

இக்குடிபெயர்வில் விண்ணப்பம் என்னும் செயலின் ஒழுங்கே மாறியமை குறிப்பிடத்தக்கது. ஊரிலிருந்து விண்ணப்பம் அனுப்பி, மறுமொழி வந்தபின் கப்பலேறியோர் சிலரே. பெரும்பாலானோர் முதலிற் கப்பலேறினர். கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ சிரம்பானிலோ மாமனோ பெரியப்பாவின் மகனோ ஊரவர் ஒருவரோ இருப்பார். அவர் வீட்டில், அல்லது இளைஞர் வாடகையையும் உணவுச் செலவையும் பகிர்ந்து கூட்டாக வாழும் 'சமறி'யில், வந்தவனுக்குப் பாயும் சோறும் கிடைக்கும். வந்தவன் தட்டச்சுப் பழகுவான். தந்தி அடிக்கப் பழகுவான். இடம் ஒன்று காலியாகும் என்ற செய்தி வர்த்தமானியில் வெளிவருமுன் சமறியிற் பேசப்படும். வீட்டுக்காரர் தமது மேலதிகாரியிடம் காலையில் ஒரு சொல் சொல்லுவார். ஒரு கிழமை கழித்து மறுபடியும் சொல்லுவார். இந்த இரண்டாவது சொல்லே நமது கட்டுரையின் பொருள். விண்ணப்பதாரன் நினைவூட்டவில்லை, அவனை ஏற்கெனவே வேலையில் இருந்த உறவினன் நினைவூட்டினான். அவ்வாறு நினைவூட்டியவன் தனது நற்பெயரை ஈடாக வைத்தான். வந்தவன் சோம்பேறியாயின் சொன்னவனுக்கே இழுக்கு. மலாயா அலுவலகங்களில் யாழ்ப்பாணத்தவர் உழைப்பாளிகள் எனப் பெயரெடுத்தமைக்கு, இயல்பான குணம் என்று நாம் பெருமையாகக் கூறிக்கொள்வதினும், இந்தப் பிணையே பெரிய காரணமாகலாம்.

மார்க் கிரனோவெற்றர் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் 1970களில் வெளியிட்ட ஆய்வுகள் இங்கு ஒப்புநோக்கத் தக்கவை. மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் ஒரு நகரத்து உத்தியோகத்தரை ஆராய்ந்த அவர், அவர்களுக்கு வேலைச் செய்தியைக் கொணர்ந்தவர்கள் நெருங்கிய நண்பர்களல்லர், எப்போதாவது காணும் அறிமுகக்காரரே எனக் கண்டார். நெருங்கியோர்க்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்தவர்க்கே புதுச் செய்தி தெரியும் என்பது அவர் விளக்கம். யாழ்ப்பாணத்து மலாயாத் தொடர்பு இவ்விதிக்கு மாறுபட்டது போலத் தோன்றும். அங்கு உதவியோர் இரத்த உறவினர். ஆனால், இருபது ஆண்டுக்கு முன் கப்பலேறி, மூன்று நான்கு முறை மட்டும் ஊருக்கு வந்த மாமன் உறவால் அணியவர்; பழக்கத்தாற் சேயவர். தூரத்துச் செய்தியும் அணிய கடப்பாடும் ஒருவரிடமே கூடியிருந்தமை நமது உறவுமுறையின் தனித்தன்மை எனலாம்.

எனது பேரனார் வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் தோட்டக்காரரின் மகனாய்ப் பிறந்து ஆங்கிலம் கற்றவர். அவரிடம் நீண்ட, தடித்த மட்டையிட்ட ஒரு குறிப்புப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் கோடிட்டு நான்கு நிரலாக்கியிருந்தார்: கடிதம் அனுப்பிய திகதி, யாருக்கு, நினைவூட்டிய திகதி, மறுமொழி வந்த திகதி. தபாற் செலவையும் ஓரத்தில் சதக்கணக்கில் எழுதியிருந்தார். முதற் பக்கங்களில் மலாயா முகவரிகள். பிற்பக்கங்களிற் கொழும்பு முகவரிகள். நான் சிறுவனாயிருந்தபோது கண்டு வியந்தது, மூன்றாவது நிரல் கொழும்புப் பக்கங்களில் ஏறக்குறைய வெறுமையாக இருந்தமையே. காரணம் கேட்டேன். "சோதினைக்கு எடுபட்டால் அவன் தானாகக் கூப்பிடுவான், எடுபடாவிட்டால் எழுதி என்ன?" என்றார். அந்த மறுமொழியின் பொருளை விளங்கிக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் சென்றன.

அவர் குறிப்பிட்டது போட்டிப் பரீட்சை முறையினை. பிரித்தானியாவில் நோத்கோட், திறெவெலியன் ஆகிய இருவரின் அறிக்கை 1854இல் வெளியானபோது, சிபாரிசினால் வழங்கப்பட்ட அரச உத்தியோகங்களைத் திறந்த போட்டிக்கு விடுமாறு அது கோரியது. முழுமையான திறந்த போட்டி அங்கு 1870இலேயே நடைமுறைக்கு வந்தது. அவ்வலையின் வழியே 1875இற் சேர். பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைச் சிவில் சேவைக்குத் திறந்த போட்டியின் மூலம் தெரிவான முதல் இலங்கையரானார். 1880 முதல் இலங்கையில் நடைபெற்ற கேம்பிரிட்ஜ் பரீட்சைகளும், பின்வந்த இலண்டன் பரீட்சைகளும், எழுதுவினைஞர் சேவைக்கான பரீட்சையும் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் பாடத்திட்டத்தையும் நேரசூசியையும் மாணவரின் கனவுகளையும் தம்வயமாக்கின. 1905இற் காங்கேசன்துறை வரையிலான வடபாதை நிறைவுற்றபோது கொழும்பு ஓர் இரவுப் பயணத் தூரமாயிற்று.

பரீட்சையின் குறைகளைக் கூறுவோர் பலர். மனனக் கல்வி, கைத்தொழில் மீதான இகழ்ச்சி, பட்டத்தின் பின்னோட்டம் என அவர் கூறுவன யாவும் மெய்யே. ஆயினும், பரீட்சை செய்த ஓர் அரிய காரியத்தை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அது விண்ணப்பதாரனுக்கு மௌனமாக இருக்கும் உரிமையை அளித்தது. திண்ணையில் நிற்க வேண்டாம். முருங்கைக்காயும் மாம்பழமும் கட்டிக்கொண்டு போக வேண்டாம். பெறுபேறு வர்த்தமானியில் வரும். தோட்டக்காரரின் மகனுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, திண்ணையில் நின்றறியாத நாம் எளிதில் உணரமாட்டோம். அக்காலத்து ஆங்கில உத்தியோகக் கடிதங்களில் மேலதிகாரியும் கீழுள்ளவனும் ஒருவருக்கொருவர் 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்றே கையெழுத்திட்டனர். சிரிப்பிற்கிடமான வழக்குத்தான், எனினும், எழுத்தளவிலேனும் இருவரும் ஒரே விதியின் ஊழியர் என்ற எண்ணம் அதில் இருந்தது.

அவ்விடுதலை எல்லோருக்கும் கிட்டியது எனக் கூறுதல் வரலாற்றுக்கு மாறாகும். பரீட்சை மண்டபத்தில் சாதி கேட்கப்படவில்லை. மண்டபத்துக்கு இட்டுச்சென்ற பாடசாலையின் வாயிலிற் கேட்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் வகுப்பிற் சரிசமமாக வாங்கில் அமர்வதை அனுமதித்தமைக்காக 1930ஐ அண்டிய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திற் சில பாடசாலைகள் எரியூட்டப்பட்டன. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சமாசனத்துக்காகக் குரல் கொடுத்தது. ஊர் அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. நியாயமான பரீட்சையைப் பற்றிப் பெருமை பேசிய அதே சமூகம், அப்பரீட்சைக்குத் தோற்றுவோரைத் தானே வடிகட்டியது. பெண்களுக்கும் நெடுங்காலம் ஆசிரியத் தொழிலுக்கு அப்பால் வழி அகலவில்லை.

மலாயாக் கதவு முதலில் ஒருக்களித்தது. 1930களின் தொடக்கத்து உலகப் பொருளாதார மந்தத்தில் அங்கு ஆட்குறைப்பு நிகழ்ந்தது. 1941 டிசம்பரில் யப்பானியர் படையெடுத்ததைத் தொடர்ந்து காசுக்கட்டளைகள் நின்றுபோயின. போருக்குப் பின் எஞ்சியது ஓய்வூதியமும், ஊரில் மலாயாக் காசிற் கட்டப்பட்ட கல்வீடுகளுமே. ஆகவே 1945இல் இலவசக் கல்வி வந்தபோது, முன்னையிலும் பன்மடங்கு மாணவர் கொழும்பை நோக்கிய ஒரே கதவின்முன் நின்றனர்.

அக்கதவின் விதி 1956இல் மாறியது. அவ்வாண்டின் 33ஆம் இலக்க உத்தியோக மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிற்று. 1961 ஜனவரி முதல் அது முழுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. சேவையிலிருந்த தமிழ் உத்தியோகத்தர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைகளிற் சித்தியெய்த வேண்டியவராயினர். இங்கு நிகழ்ந்ததைச் சரியாக விளங்கிக்கொள்ளல் வேண்டும். பரீட்சை ஒழிக்கப்படவில்லை, பரீட்சை என்னும் அதே கருவியே மாற்றுருவில் வந்தது. எந்த விதியை நம்பி ஒருவன் பத்தாண்டு முன் சேவையில் சேர்ந்தானோ, அந்த விதி அவன் கதிரையில் அமர்ந்திருக்கும்போதே மாறிவிட்டது.

கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராயிருந்த கோடீஸ்வரன் என்பவர் அத்தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962இல் அவருக்குரிய வருடாந்தச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. தொகை சிறிது. அவர் சட்டமா அதிபருக்கு எதிராகக் கொழும்பு மாவட்ட நீதிமன்றில் வழக்கிட்டார். 1964இல் மாவட்ட நீதிபதி டி கிறெற்சர் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, உத்தியோக மொழிச் சட்டம் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை மீறுவதாகக் கண்டார். அரசு மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம், மொழிச் சட்டத்தைப் பற்றிய வினாவிற்குள் புகாமலே, அரச ஊழியன் ஒருவன் தன் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்கிட முடியாது எனக் கூறி வழக்கைத் தள்ளிற்று. கோடீஸ்வரன் இலண்டனிலிருந்த கோமறைக் கழகத்துக்கு, அதாவது பிரிவிக் கவுன்சிலுக்கு, முறையிட்டார். 1969 டிசம்பரில் அம்மன்றம், அரச ஊழியன் ஈட்டிய சம்பளத்துக்கு வழக்கிடலாம் எனத் தீர்த்து, மொழிச் சட்டம் செல்லுபடியாகுமா என்னும் வினாவை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அதன்பின் 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இல் 29ஆம் பிரிவற்ற புதிய அரசியலமைப்பு வந்தது. திருப்பி அனுப்பப்பட்ட வினாவுக்கு எந்த நீதிமன்றமும் விடை கூறவேயில்லை.

இவ்வழக்கினை அரசியலமைப்புச் சட்ட வல்லுநர் பலர் ஆராய்ந்துள்ளனர். உத்தியோக வரலாற்றின் கண்கொண்டு நோக்கினால் அது வேறொன்றாகவும் தோன்றுகின்றது. ஓர் எழுதுவினைஞர் தமது தொழில் தருநருக்கு அனுப்பிய நினைவூட்டல் அது: நாம் செய்துகொண்ட உடன்பாடு இதுவன்றோ, எனது பங்கை நான் செய்தேனே என்பது அதன் சாரம். தயவுக்காக எழுதப்பட்ட பெட்டிசத்துக்கும் இதற்கும் இடையேயுள்ள தூரம் பெரிது. டைக் துரையின் காலத்தவர்க்கு இத்தகைய ஒரு கடிதத்தை எண்ணிப் பார்க்கவும் இயலாது. பரீட்சை முறையில் இரு தலைமுறை வாழ்ந்த ஒரு சமூகத்திலேயே, சம்பள ஏற்றம் சலுகையன்று, உரிமை என்ற எண்ணம் இத்துணை உறுதியாக வளர முடியும். அதே காலத்தில், 1961 பெப்ரவரி 20ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தமிழரசுக் கட்சியினர் தொடங்கிய சத்தியாக்கிரகமும், ஏப்ரலில் அவர்கள் நடத்திய தமிழரசுத் தபாற் சேவையும் இதே மனநிலையின் அரசியல் வடிவங்கள். கச்சேரிக்குப் பெட்டிசம் எழுதிவந்தோரின் பேரர்கள் கச்சேரி வாயிலை மறித்து அமர்ந்து, தமக்கென முத்திரையும் வெளியிட்டனர்!

அடுத்து வந்த காலம் பின்னோக்கிய பயணம் எனலாம். 1971 ஏப்ரலில் தென்னிலங்கையிற் படித்த இளைஞர் கிளர்ந்தெழுந்தபோது, வேலையின்மை இனம் கடந்த பிணி என்பது வெளிப்பட்டது. அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழிலமைப்புக் குழு வெளியிட்ட அறிக்கை, வேலை வாய்ப்புகளுக்கும் இளைஞரின் எதிர்பார்ப்புகளுக்கும் இடையேயுள்ள பொருத்தமின்மையைச் சுட்டிற்று. றொனால்ட் டோர் 1976இல் வெளியிட்ட, பட்டத்தையே நோயாகக் காணும் நூலில், இலங்கையை ஓர் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டார். இவ்வறிஞர்கள் விண்ணப்பதாரனின் எதிர்பார்ப்பை நுணுகி ஆராய்ந்தனர். விண்ணப்பத்தைப் பெறுவோரின் நடத்தையை அவ்வளவு ஆராயவில்லை. ஏனெனில், இதே ஆண்டுகளிலேதான் பாராளுமன்ற உறுப்பினரின் 'துண்டு' உத்தியோகத் தகுதிகளில் ஒன்றாயிற்று. 1977இன் பின் வந்த வேலை வங்கித் திட்டம் அதனை அச்சிட்ட படிவமாகவே ஆக்கியது. ஒவ்வொரு பாராளுமன்ற உறுப்பினருக்கும் பகிர்ந்தளிப்பதற்கென 1000 படிவங்கள் வழங்கப்பட்டன. படிவம் பெறாதவன் விண்ணப்பதாரனே அல்லன். பாதிரியாரின் நற்சாட்சிப் பத்திரம் நூற்றைம்பது ஆண்டு கழித்து வேறு கையெழுத்துடன் திரும்பி வந்தது என்று கூறினால் மிகையாகாது. அவ்வகையில் பாதிரியார் மேலானவர். அவர் விண்ணப்பதாரனை வகுப்பிலேனும் கண்டிருந்தார்.

யாழ்ப்பாணத்து இளைஞருக்கு இத்துண்டும் எட்டாப் பொருளாகவே இருந்தது. அவர்களது பாராளுமன்ற உறுப்பினர் எதிர்க்கட்சியினர். மத்திய கிழக்கு நாடுகளும், 1983இன் பின் புகலிட நாடுகளும் வேறு வழிகளைத் திறந்தன. அவ்வழிகளிற் சென்றோருக்கு விண்ணப்பம், மறுமொழி, நினைவூட்டல் என்பன வேலைக்காக அன்றி வதிவுரிமைக்காக எழுதப்பட்டன. அது தனியே ஆராயத்தக்கது.

போர் முடிந்து பல்லாண்டுகள் கழிந்த பின், 2017 பெப்ரவரி இறுதியில், யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன் வேலையற்ற பட்டதாரிகள் தொடர் போராட்டமொன்றை ஆரம்பித்தனர். கச்சேரி என மக்கள் இன்றும் அழைக்கும் அதே இடம்; 1961இற் சத்தியாக்கிரகிகள் அமர்ந்த அதே வாயில். போராட்டம் 100 நாள்களைக் கடந்தது. பெண்களும் பெருந்தொகையிற் கலந்துகொண்டனர். 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இற் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகளும் அவர்களிடையே இருந்தனர். அவர்கள் எந்தப் பரீட்சையிலும் தவறியவரல்லர்; அவர்கள் தோற்றுவதற்கு உரிய பரீட்சை எது, எப்போது என்பதே தெளிவற்றிருந்தது. பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்க்கும் திட்டங்கள் நாட்டில் விட்டு விட்டு அறிவிக்கப்படுவன. 2020இல் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 50,000 பேர் அவ்வாறு சேர்க்கப்பட்டனர். அறிவிப்பு வரும் காலத்தை முன்கூட்டி அறிய வழியில்லாதபோது, வெயிலில் அமர்ந்திருப்பதே நினைவூட்டலின் ஒரே வடிவமாகின்றது.

இவ்வரலாற்றை முழுமையாக எழுதுவதற்கு வேண்டிய மூலங்கள் அரசாங்கச் சுவடிகளில் ஒரு பகுதியே உண்டு. அங்கு இருப்பன, பெறப்பட்ட கடிதங்கள். அனுப்பியோர் வைத்திருந்த நகல்களும் குறிப்புகளும் வீட்டுப் பெட்டகங்களில் இருந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைப் பற்றிப் பேசுகின்றோம். வீடு வீடாக அழிந்த இக்கடிதங்களைப் பற்றிப் பேசுவாரில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, எமது வீட்டிலிருந்து காணி உறுதிகளும், பிறப்புச் சான்றிதழ்களும், பரீட்சைப் பெறுபேற்றுத் தாள்களும் ஒரு தோற்பையில் வந்தன. பேரனாரின் குறிப்புப் புத்தகம் சுவர் அலுமாரியில் இருந்தது. ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது அலுமாரி இருக்கவில்லை. மலாயாப் பக்கங்களில் நான்காவது நிரலில் எத்தனை திகதிகள் இருந்தன என்பதை நான் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.